தீவுக்குப் போன அண்டா

காசி எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், அங்கே சத்திரத்துக் கொல்லையில் குழாய்த் தண்ணீர் விடிவதற்கு முன்னால்தான் வரும், அதற்குள் அண்டாவை நிரப்பிக்கொள்ள வேண்டும் என்று சொல்வேன். கன்னியாகுமரியில் சூரியன் கடலிலிருந்து எழும்புகிற நேரம் எனக்கு இட்லி இரண்டாவது ஈடு வெந்துகொண்டிருக்கும். மைசூரில் அரண்மனைக்கு விளக்குப் போட்டபோது, வண்டி நிறுத்துகிற இடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். டூர் பஸ்ஸில் சமையல் வேலைக்குப் போகிறவள் ஊர்களைப் பார்ப்பதில்லை. ஊர்களின் கொல்லைப்புறத்தைப் பார்க்கிறாள்.

திருத்தணியில் நான் வேலை பார்த்த டூர் சர்வீஸில் இப்போது சமையல் ஆள் கூட்டிப்போவதில்லை. எல்லாம் ஓட்டல் சாப்பாடு. ஆபீஸில் இருக்கிற பெண்கள் ஒரு மலர் போடுகிறார்களாம். பழைய ஆட்கள் எல்லோரும் அனுபவத்தை எழுதித் தரவேண்டுமாம். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள், நாலு பேர் முன்னால் பேசவும் வராது, என்னை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அப்போது அந்தப் பெண்கள், சரோஜா சொல்லி அவர்கள் எழுதிக்கொண்டதைப் படித்துக்காட்டினார்கள். சரோஜா என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. அந்தமான் தீவுக்குப் போனது மட்டுமே பக்கம் பக்கமாக இருந்தது. கடல், மணல், மீன், கண்ணாடிப் படகு. அதில் நானும் ஒரு வரியில் வருகிறேன். "சமையலை அண்ணி பார்த்துக்கொண்டார்கள்." அவ்வளவுதான். வீட்டுக்கு வந்ததும் காகிதம் வாங்கிவரச் சொன்னேன்.

வேலைக்கு வந்த கதை பெரிதில்லை. வீட்டுக்காரர் டூர் பஸ்ஸில் சாமான் ஏற்றி இறக்குகிறவர். அவர் போன பிறகு முதலாளி, "காய் நறுக்க வர்றியாம்மா?" என்று கேட்டார், போனேன். காய் நறுக்கினேன், பிறகு அரைத்தேன், பிறகு இட்லி ஊற்றினேன், கடைசியில் மாஸ்டருக்கு அடுத்த கையானேன். சரோஜாவை நானேதான் சேர்த்துவிட்டேன். புருஷன் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்து சும்மா உட்கார்ந்திருந்தாள். "அண்ணி, நானும் வரேன் அண்ணி, ஊரெல்லாம் பாக்கலாம்" என்றாள். அவளுக்கு அடுப்பு ஒத்துவரவில்லை, வாய் ஒத்துவந்தது. பரிமாறுகிற வேலைக்குப் போட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு, பாசஞ்சர்களோடு பஸ்ஸில் ஏறிப் போய், பார்க்கிற இடத்திலேயே பரிமாறிவிட்டு வரவேண்டும். அதனால் ஊரெல்லாம் அவள் பார்த்தாள். சாம்பார் நன்றாக இருந்தால் சொல்வதும் அவளிடம்தான் சொன்னார்கள். சாம்பார் கெட்டுப்போனால் மட்டும் என்னைத் தேடிக் கொல்லைக்கு வந்தார்கள்.

மாஸ்டர் பெயர் கோதண்டம். அடுப்புப் பற்றவைத்த பிறகு அவர் வாய் திறக்கமாட்டார், கரண்டியால்தான் காட்டுவார். கரண்டி மேலே போனால் தீயை ஏற்று, பக்கவாட்டில் போனால் அரிசியைப் போடு. எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கமாட்டார். கொதிக்கிற குழம்பின்மேல் கரண்டியைப் பிடித்து, அதில் படிகிற ஆவியை முகர்ந்து உப்புப் போதுமா என்று சொல்லிவிடுவார். எங்களை "இன்னாமே", "வாமே" என்றுதான் கூப்பிடுவார். "வாங்கம்மா" என்று அவர் சொன்னால் நடுங்கவேண்டும். மரியாதை கூடினால் கோபம் கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

அந்தமானுக்குப் போனது ஆர்.கே.பேட்டையிலிருந்து சில நெசவுக் குடும்பங்கள், பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து விவசாயக் குடும்பங்கள், பாதிப் பேர் வயதானவர்கள். கப்பலில் போனால் நாள் கணக்கில் ஆகும், வாந்தி வரும் என்று முதலாளி விமானத்தில் ஏற்பாடு செய்தார். விமானத்தில் சிலிண்டர் ஏற்ற முடியாது, அடுப்பு முடியாது. போகிற இடத்தில் ரிசார்ட்காரர்கள் அடுப்புத் தருவதாகச் சொன்னார்கள். பாத்திரத்தை மட்டும் மாஸ்டர் விடவில்லை. பெரிய அண்டாவுக்குள் சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, புளி, என் புடவை, அவர் வேட்டி எல்லாம் அடைத்து, வாயைக் கோணியால் தைத்துக் கொண்டுவந்தார். விமான நிலையத்தில் பிரிக்கச் சொன்னார்கள். அந்த அதிகாரி பொடியை மோந்து பார்த்துத் தும்மினார். நான் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். சரோஜா முன்னால் போனாள்.

"சார், அது இட்லிப் பொடி சார். ரெண்டு இட்லி இருந்தா இப்பவே காட்டிருவேன்."

அவர் சிரித்துவிட்டார். விட்டுவிட்டார்கள். முதலாளி சரோஜாவுக்கு விமானத்தில் ஜன்னல் சீட்டுக் கொடுத்தார். பொடி இடித்தது நான்.

போர்ட் பிளேரில் இறங்கி, அங்கிருந்து கப்பலில் சின்னத் தீவு ஒன்றுக்குப் போனோம். நான் ஜன்னல் இல்லாத கீழ்த்தட்டில் அண்டாவுக்குக் காவல் உட்கார்ந்து வந்தேன். தென்னந்தோப்புக்குள் ஓலைக் கூரை போட்ட குடில்கள், அதற்குப் பெயர் ரிசார்ட். தெரு முழுக்க அதே மாதிரி குடில்கள், முத்துமாலைக் கடைகள், இளநீர் வண்டிகள், தோளில் துண்டு போட்டுக்கொண்டு திரிகிற வெள்ளைக்காரர்கள். படுத்தால் அலைச் சத்தம் கேட்கும் என்று சொன்னார்கள். எங்கள் அடுப்பை ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் போட்டார்கள். எனக்குக் கேட்டது ஜெனரேட்டர்தான்.

ரிசார்ட்டிலிருந்து வேனில் போனால் பெரிய பீச். ஊரில் நோட்டீஸ் அடித்ததே அந்த பீச்சின் படத்தைப் போட்டுத்தான். அந்த நோட்டீஸை நான் அரிசி டின்னில் ஒட்டிவைத்திருந்தேன். இந்த முறை கடலைப் பார்க்காமல் திரும்பக்கூடாது என்று ஒரு ஆசை. ஆனால் தினமும் பொட்டலத்தோடு வேனில் ஏறியது சரோஜா. சாயங்காலம் வந்து, பாவாடையை உதறி, நான் பாத்திரம் தேய்க்கிற இடத்திலேயே மணலைக் கொட்டுவாள்.

"தண்ணி பச்சைக் கலரு அண்ணி. நம்ம ஊர் பட்டு மாதிரி, இந்தாண்டப் பாத்தா பச்சை, அந்தாண்டப் பாத்தா நீலம். கால வெச்சா மீனுங்க வந்து மொய்க்குது. நீ பாக்கணுமே!"

"ஆங்" என்பேன். அவள் கொட்டிய மணலையே எடுத்துத் தேங்காய் நாரில் வைத்து அண்டாவைத் தேய்ப்பேன்.

எனக்கு ஒரு கணக்கு இருந்தது. திரும்புவதற்கு முதல் நாள் கிருத்திகை. எங்கள் ஊர்க்காரர்கள் எந்த ஊருக்குப் போனாலும் கிருத்திகை விரதத்தை விடமாட்டார்கள். பகல் முழுக்கப் பாலும் பழமும்தான். சாயங்காலம் குளித்து, முருகன் படத்துக்குப் பூஜை போட்டு, வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாடு. அதாவது மத்தியானம் அடுப்பு எரியாது. மத்தியானம் அடுப்பு எரியாவிட்டால் நானும் வேனில் போகலாம். முதலாளியே சொல்லியிருந்தார். "கிருத்திகை அன்னிக்கி நீயும் ஒருவாட்டி போய்ட்டு வாம்மா." அதை மற்ற யாரிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் நடக்காது என்று ஒரு பயம்.

அன்றைக்குக் காலையிலேயே குளித்து, மடித்துவைத்திருந்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டேன். பாசஞ்சர்கள் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். விரதம் இருக்கிற பாட்டிகள் இரண்டு பேர் மட்டும் விபூதி பூசிக்கொண்டு இன்னும் எங்கள் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அப்போது ரிசார்ட் சமையல்கட்டில் வேலை செய்கிற அப்பலம்மா வந்தாள். சிரித்துக்கொண்டு வந்தாள். இடுப்பில் எங்கள் அண்டா, மேலே வாழை இலை.

"வதினா, உங்க பாத்திரம். நேத்து ரொம்ப உதவியாச்சு."

வாங்கினேன், கனத்தது. இலையை நீக்கினேன். அடியில் சிவப்பாக, எண்ணெய் மிதக்க, மீன் புலுசு.

அப்பலம்மாவின் தப்பு இல்லை. அவள் ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். அவர்கள் பேச்சில் வதினா என்றால் அண்ணி, புலுசு என்றால் குழம்பு. இரவல் வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பக்கூடாது என்பது அவர்கள் ஊரிலும் வழக்கம், எங்கள் ஊரிலும் வழக்கம். இருந்ததில் நல்ல மீனாகப் பார்த்துக் கொண்டுவந்திருந்தாள். ரிசார்ட்டுக்குக் கூட்டம் வந்ததென்று முதல் நாள் சாயங்காலம் அவள் பெரிய பாத்திரம் கேட்க, "எடுத்துக்கோங்கக்கா, நம்மளுதுதான்" என்று தூக்கிக் கொடுத்தவள் சரோஜா. கொடுத்ததை எங்களிடம் சொல்லவில்லை. கழுவிக் கவிழ்த்திருக்கிறது என்றே நான் நினைத்திருந்தேன்.

பாட்டிகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "முருகா, முருகா" என்று வேனைப் பார்த்து நடந்துவிட்டார்கள். அப்பலம்மாவுக்குச் சிரிப்பு நின்றுபோனது. மாஸ்டர் வந்து எட்டிப் பார்த்தார்.

"இதை யாருங்கம்மா குடுத்தது?" என்று என்னைக் கேட்டார்.

ங்கவும் வந்துவிட்டது, அம்மாவும் வந்துவிட்டது. சரோஜா பெயர் என் நாக்கு நுனியில் இருந்தது. நான் சொல்லாதது பெருந்தன்மையால் இல்லை. அத்தனை பேர் எதிரே எனக்கு வாய் வரவில்லை. வேனில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் வந்தது.

"சாயங்காலச் சமையலுக்கு ஒருத்தி இருந்தாகணும்" என்றார் மாஸ்டர், வேன் பக்கம் திரும்பி.

"அண்ணி இருக்காங்க மாஸ்டர்! அண்ணி பாத்துக்குவாங்க!"

வேன் போய்விட்டது. முதலாளியும் அதில்தான் இருந்தார். என் கணக்கு அவருக்கு ஞாபகம் இருந்ததா, தெரியாது. நான் நீலப் புடவையோடு மீன் புலுசைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வயிறு எரிந்தது. விரதத்தால் இல்லை.

மாஸ்டர் அப்பலம்மாவைத் திட்டவில்லை. "நீ நல்ல மனசுல கொண்டாந்த. நாங்க இன்னிக்கி விரதம், அவ்ளோதான். எடுத்துகினு போய் உங்க ஆளுங்களுக்குக் குடு" என்றார். ஆனால் மீன் வெந்த பாத்திரத்தில் விரதச் சமையல் கிடையாது என்பதில் அவர் அசையவில்லை. புளி போட்டுத் தேய்க்கிறேன், சாம்பல் போட்டுத் தேய்க்கிறேன் என்றேன். கரண்டி பக்கவாட்டில் ஆடியது. இந்தத் தடவை அதற்கு "வேண்டாம்" என்று அர்த்தம். சாம்பாரும் பாயசமும் சின்னப் பாத்திரங்களில் ஈடு ஈடாக வைத்துவிடலாம். அத்தனை பேருக்கும் சோறு வடிக்கப் பெரிய அண்டா இல்லாமல் முடியாது. ரிசார்ட் பாத்திரமெல்லாம் மீன் கண்ட பாத்திரம். கடைத்தெருவில் முத்துமாலை விற்றார்கள், அண்டா விற்கவில்லை. பகல் முழுக்கப் பட்டினி கிடந்து வருகிறவர்களுக்கு ராத்திரியும் வாழைப்பழத்தைக் கொடுத்தால், அதுதான் மாஸ்டருடைய கடைசி டூர். என்னுடையதும்தான்.

அப்பலம்மா போகாமல் நின்றுகொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"வா வதினா. எங்க வீட்ல ஒண்ணு இருக்குது."

அவள் வீட்டுக்குப் போகிற வழி பாக்குத் தோப்புக்குள் போனது. சேறு. நீலப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். தோப்பு முடிகிற இடத்தில் தகரக் கூரை போட்ட வீடு, அதன் கொல்லையில் தண்ணீர் தெரிந்தது. சாம்பல் நிறத்தில், அசையாமல், கரையெல்லாம் சேறு. சேற்றில் குச்சி குச்சியாக வேர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு படகைக் கவிழ்த்துப்போட்டு யாரோ தார் பூசிக்கொண்டிருந்தார்கள்.

"இது இன்னா ஏரி?" என்று கேட்டேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கடல்தான் வதினா. உள்பக்கத்துக் கடல்."

"சரோஜா சொன்னது இது இல்ல."

"அதுவா? அது அந்தாண்ட. இந்தத் தோப்புலயே இடது கைப் பக்கம் நேரா போனா பெரிய பீச்சு. வேன் சுத்திப் போகுது. நான் தெனம் வேலைக்கி அந்த மணல் மேலதான் நடந்து வரேன். இந்த வழி கிட்ட, ஆனா சேறு."

"தெனமுமா?"

"தெனமும்."

அந்த வயிற்றெரிச்சல் அதுவரைக்கும் சரோஜாமேல் மட்டும் இருந்தது. இப்போது இவள்மேலும் வந்தது. எல்லாம் ஒரே தண்ணீர்தான் என்று அவள் சொன்னாள். எனக்குத் தெரியாதா? ஆனாலும் திருத்தணிக் குளமும் தண்ணீர்தானே, அதற்காகவா விமானம் ஏறி வந்தேன்? இடது கைப் பக்கத்தைப் பார்த்தேன். மரங்களுக்கு நடுவில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. போக நேரமில்லை. அரிசி ஊறவைக்கவேண்டும்.

கட்டிலுக்கடியிலிருந்து கோணி சுற்றிய ஒரு பித்தளை அண்டாவை இழுத்தாள். விசாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் அவள் மாமியார் கொண்டுவந்ததாம், பெண்ணுக்குச் சீராகக் கொடுக்க. அடிப்பக்கம் தீ பார்க்காத மஞ்சள். எனக்கு எடுக்கக் கை வரவில்லை. "சீர் பாத்திரம்மா இது. உன் பொண்ணு இன்னா சொல்லுவா?" என்றேன்.

"மொதல் சோறு சுப்பிரமணியசாமிக்குன்னா அவளுக்கு நல்லதுதானே. தூக்கு."

ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தோம். மாஸ்டர் பாத்திரத்தைச் சுற்றி வந்து விரலால் தட்டிப் பார்த்தார். மஞ்சள் தடவிக் குங்குமம் வைக்கச் சொன்னார். முதலில் பாலை ஊற்றிப் பொங்கவிட்டார். பிறகு உலை. ஈய முலாம் பூசாத புதுப் பித்தளையில் புளி சேர்க்கக்கூடாது, களிம்பு ஏறும். அதனால் அதில் சோறு மட்டும் வடித்து, உடனே பாயில் கொட்டி ஆறவிட்டோம். சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், உளுந்து வடை, பாயசம். விரதச் சமையலை முகரவும் கூடாது என்பதால் அன்றைக்கு மாஸ்டர் கரண்டியைப் பிடித்தபடி ஆவியைத் தூரத்திலிருந்தே பார்த்தார். உப்பை என் கைக்கே விட்டார். அதுவரை அவர் விட்டதில்லை.

வேன் திரும்பியது. எல்லோரும் கறுத்து, களைத்து, மணலோடு வந்தார்கள். குளித்தார்கள், கற்பூரம் காட்டி "அரோகரா" சொன்னார்கள், இலையில் உட்கார்ந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று வாளியில் சாம்பாரை மொண்டு மொண்டு கொடுத்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டு போன பள்ளிப்பட்டுப் பாட்டியின் குரல் கேட்டது.

"சரோஜா, சாம்பார் இன்னா ருசிடி! ஒரு உப்பு கூடல, கொறையல. உன் கை வாகு."

"எல்லாம் முருகன் குடுத்தது பாட்டி. இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?"

நான் வாளியைக் கொஞ்சம் வேகமாக வைத்துவிட்டேன். மாஸ்டர் என்னைப் பார்த்தார்.

எல்லாம் முடிந்து பாத்திரம் தேய்க்கிற இடத்துக்குச் சரோஜா வந்தாள். எங்கள் அண்டாவின் கதை அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. பித்தளை அண்டாவைத் தடவிப் பார்த்தாள்.

"அப்பலம்மாக்கா குணமே குணம். அண்ணி, காலையில இத நான் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்துர்றேன். எனக்குத்தானே அவங்க பழக்கம்."

"நான் போறேன்" என்றேன்.

சத்தமாக வந்துவிட்டது. அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த மாஸ்டர் நிமிர்ந்தார். சரோஜா சிரித்தாள்.

"நீயா? காலையில இட்லி யார் ஊத்தறது? கப்பலுக்குப் போறதுக்குள்ள அத்தனை பேருக்கும் ஆவணுமே."

"நீ ஊத்து."

"நான் ஊத்தி எத்தினி நாளாச்சு! மாஸ்டர், நீங்களே சொல்லுங்க."

நான் மாஸ்டரைப் பார்த்தேன். தரையைப் பார்க்காமல், நேராக அவர் முகத்தைப் பார்த்தேன். "எனக்குக் கடல் பாக்கணும் மாஸ்டர். அந்தப் பெரிய கடல். நான் இன்னும் பாக்கல."

அவ்வளவு வருஷத்தில் நான் அவரிடம் எனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். அவர் துணியைப் பிழிந்து காயப்போட்டார்.

"போமே" என்றார். ங்க இல்லை, அம்மா இல்லை. "இட்லி அவ ஊத்தட்டும்."

"வழி தெரியாதே அண்ணிக்கி. நானும் கூடப் போய்க் காட்டிட்டு…"

"வேணாம்" என்றேன்.

அங்கே சீக்கிரம் விடிந்துவிடும். பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் துலக்கி, பாயசம் ஊற்றி, இலை போட்டு மூடி எடுத்துப்போனேன். அப்பலம்மா அதைத் திறந்து பார்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். "நான் கூட வரட்டா வதினா?" என்று அவளும் கேட்டாள். அவளையும் வேண்டாம் என்றேன். இடது கைப் பக்கம் திரும்பிப் பாக்குத் தோப்புக்குள் நடந்தேன்.

திரும்பி வந்தபோது கப்பலுக்கு எல்லோரும் தயாராக நின்றார்கள். இட்லி தட்டோடு ஒட்டிக்கொண்டதாம், மாஸ்டர் சரோஜாவை "வாங்கம்மா, போங்கம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் இடுப்புவரை நனைந்திருந்தேன். மாற்றுப் புடவை சாமானோடு கட்டியாகிவிட்டது. சரோஜா ஓடிவந்தாள்.

"எப்பிடி இருந்துச்சு அண்ணி? மீனு வந்துச்சா காலுகிட்ட?"

முந்தானையைப் பிழிந்தேன்.

கப்பலில் கேட்டாள். விமானத்தில் கேட்டாள். சென்னையில் இறங்கி எங்கள் பஸ்ஸில் ஏறி, பூந்தமல்லி தாண்டும்போது என் பக்கத்து சீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். வழக்கமாக முதலாளிக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து ஊரையே சிரிக்கவைப்பவள், குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு அண்ணி. விடியக்காலையில தண்ணி இன்னா கலரு? நான் வெயில் ஏறினப்புறம்தானே பாத்தேன். விடியக்காலையில போனதே இல்லியே."

அவள் முகத்தைப் பார்த்தேன். என்னிடம் அவள் அப்படி ஒரு முகத்தோடு எதையும் கேட்டதில்லை. எனக்கு அது இனித்தது.

நான் சொல்லவில்லை. புடவைக் கரை உப்பு காய்ந்து வெள்ளை வெள்ளையாக முரமுரத்துக்கொண்டிருந்தது. அது அவள் கண்ணில் படாதபடி காலடியில் இழுத்து மடித்து வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.